டிராக்டர் பெட்டியின் இழுவைச் சட்டத்தில் விரிசல்: வீட்டுக் களத்தில் நடந்த பழுதுநீக்கம்

பின்னணி

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கரும்பு ஊர் ஒன்றில் நடந்தது இது. உரிமையாளர் ஐம்பதைத் தாண்டிய விவசாயி. சொந்தக் கரும்போடு அக்கம்பக்கத்துக் கரும்பையும் ஆலைக்கு ஏற்றிப் போகிறவர். டன் கணக்கில்தான் அவருக்கு வாடகை. கரும்பு வெட்டும் ஆட்களுக்கும் டன் கணக்கில்தான் கூலி. பின்னால் நடந்த பலவற்றுக்கு இந்தக் கணக்கு காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்டி இரண்டு சக்கரம் கொண்டது; ஒரே அச்சு. நான்கு சக்கரப் பெட்டியில் பாரம் முழுவதும் அதன் சக்கரங்களிலேயே இறங்கிவிடும், டிராக்டர் இழுத்துக்கொண்டு போனால் போதும். இரண்டு சக்கரப் பெட்டியில் அப்படி இல்லை. பாரத்தின் ஒரு பங்கு எப்போதும் முன்னால் நீண்டிருக்கும் இழுவைச் சட்டம் வழியாக டிராக்டரின் கொக்கியில் உட்காரும். இந்தப் பெட்டியில் அந்தச் சட்டம் 100 மில்லிமீட்டர் உயரமும் 50 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட, ஆங்கில ‘சி’ வடிவ இரண்டு இரும்புச் சேனல்களால் ஆனது. பெட்டியின் முன் குறுக்குச் சட்டத்தின் அடியிலிருந்து இரண்டும் சாய்வாக வந்து ஒன்றுசேர்கின்றன. சேருமிடத்தில் ஒரு கனத்த கட்டை, அதற்குள் நட்டு போட்டு இறுக்கிய இழுவை வளையம். வளையத்தை டிராக்டர் கொக்கிக்குள் வைத்துப் பின்னைப் போட்டால் வண்டி தயார்.

பழுதை நீக்கியவர் உரிமையாளரின் தம்பி மகன். தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் படிப்பை முடித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். என் பங்கு சிறியது: கணக்குப் போட்டுக் கொடுத்தேன், முடிவுகள் எடுத்தபோது பக்கத்தில் இருந்தேன்.

முதல் ஒட்டு

டிசம்பரில் அரவை தொடங்கிச் சில நாட்களிலேயே பெட்டியின் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்து நிற்பதை உரிமையாளர் கவனித்திருக்கிறார். முதலில் டயர் காற்றைச் சந்தேகப்பட்டார், அப்புறம் ஸ்பிரிங் பட்டைகளை. இரண்டும் சரியாகவே இருந்தன. ஆலைக்குப் போகும் வழியில் ஒரு நாள் இறங்கிப் பார்த்தபோது இடது சேனல் குறுக்குச் சட்டத்தோடு சேரும் இடத்தில், மேல் விளிம்பில் ஒரு வெடிப்பு தெரிந்தது.

கரும்பு வண்டியில் இருந்தது. ஆலையில் முறை தவறினால் மறுபடி வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும், அதற்குள் கரும்பு காய்ந்து எடை குறையும். அதனால் வழியில் இருந்த ஒரு பட்டறையில் நிறுத்தி, பாரத்தை இறக்காமலேயே பற்றவைத்தார்கள். வெடிப்பின் மேல் ஒரு வெல்டிங் ஓட்டம், அதை மறைத்து ஒரு சதுரப் பட்டை, பட்டையைச் சுற்றி நான்கு பக்கமும் வெல்டிங். அரை மணி நேர வேலை. அந்த நெருக்கடியில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

ஒட்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்கியது. போகிக்கு முந்தைய வாரம் வாய்க்கால் மதகின் ஏற்றத்தில் ஏறும்போது கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம். வண்டி நிற்கவில்லை. ஆலையில் பாரத்தை இறக்கிவிட்டு, வெறும் பெட்டியை மெதுவாக ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பொங்கல் விடுமுறைக்குத் தம்பி மகன் வந்ததும் பெட்டி களத்துக்கு வந்தது.

களத்தில் என்ன தெரிந்தது

முதலில் கழுவினார்கள். காய்ந்த கரும்புச் சாறும் மண்ணும் கிரீசும் சேர்ந்து விரல் கனத்துக்குப் படிந்திருந்தன. கம்பி பிரஷ் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார்கள். அதன் பிறகு சேனலின் அடிப்பக்கம் முழுவதும் டீசல் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினார்கள். விரிசலுக்குள் போன டீசல் திரும்பக் கசிந்து வெள்ளைத் தூளில் கோடாகத் தெரியும். முன்பெல்லாம் மண்ணெண்ணெயில் செய்வார்கள். இப்போது அது கிடைப்பது அரிது. பழைய உத்திதான் என்றாலும் காசில்லாமல் இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை.

கோடு காட்டியது எல்லோரும் நினைத்ததற்கு நேர்மாறு. விரிசல் மேலிருந்து கீழே இறங்கவில்லை. கீழ் விளிம்பில், குறுக்குச் சட்டத்தின் வெல்டிங் முடியும் ஓரத்தில் தொடங்கி, விளிம்பைக் குறுக்கே முழுவதும் கடந்து, சேனலின் நடுப்பகுதி வழியாக மேலே ஏறியிருந்தது. டிசம்பரில் மேலே தெரிந்தது அதன் வால் மட்டுமே.

“பெரியப்பா, மேல எவ்வளவு வச்சாலும் நிக்காது. கிழிசல் கீழேருந்து வருது” என்றார் தம்பி மகன்.

“நல்லா கனமாத்தான்டா வச்சாரு. பட்டையெல்லாம் போட்டாரே.”

பட்டையை அரைத்து எடுத்தபோது அதற்கும் விடை கிடைத்தது. அடியில் பழைய வெல்டிங் பெயிண்டின் மேலும் கிரீசின் மேலும் உட்கார்ந்திருந்தது. உள்ளே புழு அரித்த கட்டை போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. பாரத்தோடு பற்றவைத்ததால் விரிசல் திறந்த நிலையிலேயே பூட்டப்பட்டிருந்தது. சதுரப் பட்டையின் முன் ஓரத்தில், மேலிருந்து கீழாக நேராகப் போன வெல்டிங்கை ஒட்டிப் புதிதாக இன்னொரு மெல்லிய விரிசலும் பிறந்திருந்தது. பட்டை முடியும் இடத்தில் சட்டத்தின் விறைப்பு திடீரென்று மாறுகிறது. வளைவு முழுவதும் அந்த ஒரு கோட்டில் குவிகிறது. அதே கோட்டில் வெல்டிங்கின் ஓரமும் இருந்தால் இரும்பு அங்கேதான் களைத்துப்போகும்.

வேறு இரண்டும் கண்ணில் பட்டன. இழுவை வளையத்தின் உட்புறம் ஒரு பக்கமாகத் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. கொக்கியில் போடும் பின்னும் அசல் இல்லை. எப்போதோ தொலைந்ததற்குப் பதிலாக ஒரு மெல்லிய கம்பித் துண்டு. இந்த இடைவெளியால் டிராக்டர் கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் வளையம் ஒரு அடி வாங்கும், ஒரு நடைக்கு எத்தனை முறை என்று எண்ண முடியாது. இன்னொன்று, உரிமையாளர் பேச்சுவாக்கில் சொன்னது: ஏற்றங்களில் இந்தப் பருவம் முழுக்க ஸ்டியரிங் லேசாக இருந்ததாம். டிராக்டரின் முன் சக்கரம் தரையை விட்டு எழப் பார்க்கிறது என்றுதான் அதற்குப் பொருள். கொக்கியில் அளவுக்கு மீறி எடை உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும்.

பாரம் எங்கே உட்கார்ந்தது

இந்தக் கட்டத்தில் இரும்பை விட்டுவிட்டு எடைச்சீட்டுகளை எடுக்கச் சொன்னேன். ஆலை எடைமேடையில் கொடுத்த சீட்டுகளை உரிமையாளர் ஒரு பையில் பத்திரமாக வைத்திருந்தார். 5 டன் பெட்டி அது. சீட்டுகளில் கரும்பு எடை மட்டுமே 7 டன்னைச் சுற்றி இருந்தது.

அச்சிலிருந்து இழுவை வளையம் வரை அளந்தால் 3 மீட்டர். வளையத்திலிருந்து விரிசல் விட்ட இடம் 1.2 மீட்டர். கரும்பு ஏற்றும் ஆட்கள் பின்பக்கம் கனம் கூடக் கூடாது என்று நினைப்பவர்கள். அதில் நியாயம் உண்டு: பின்னால் கனம் கூடினால் பெட்டி கொக்கியைத் தூக்கும், டிராக்டரின் பின் சக்கரம் பிடி இழக்கும், சேற்றில் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். அந்தப் பயத்தில் முன் பலகைக்கு மேலேயும் முன்னாலும் கட்டுக் கட்டாக அடுக்கிவிடுகிறார்கள். அவர்கள் காட்டிய அடுக்கை வைத்துப் பார்த்தால் பாரத்தின் மையம் அச்சுக்கு முன்னால் சுமார் 45 சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது.

மீதி, கிணற்று ஏற்றத்தின் நெம்புகோல் கணக்குதான். 7000 கிலோவை 0.45 மீட்டரால் பெருக்கி 3 மீட்டரால் வகுத்தால் வளையத்தில் 1050 கிலோ. பெட்டியின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை. இந்த 1050 கிலோவை டிராக்டர் கொக்கி கீழிருந்து மேலே தாங்குகிறது, பெட்டி மேலிருந்து கீழே அமுக்குகிறது. ஆக, சட்டம் வேரில், அதாவது பெட்டியோடு சேரும் இடத்தில், மேல்நோக்கி வளையப் பார்க்கிறது. அப்போது மேல் விளிம்பு அமுங்கும், கீழ் விளிம்பு இழுபடும். இழுபடும் பக்கத்தில்தான் விரிசல் பிறக்கும். கீழே தொடங்கியதற்குக் காரணம் இதுவே.

இரண்டு சேனலும் சேர்ந்து தாங்கினால் வேரில் வரும் இழுவிசை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 166 நியூட்டன். சாதாரண கட்டுமான இரும்பு நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை 250. நின்ற இடத்தில் ஆபத்தில்லை. ஆனால் வயல் பாதையில் மேடு பள்ளத்தில் விழுந்து எழும்போது அது இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டால் 330ஐத் தாண்டுகிறது. அதே பெட்டியில் 5 டன்னை ஏற்றி, மையம் அச்சுக்கு முன்னால் 20 சென்டிமீட்டரில் இருக்கும்படி அடுக்கினால் வளையத்தில் 333 கிலோ, வேரில் 53 நியூட்டன், இரட்டித்தாலும் 105தான். எடை கூடியது 2 டன், அதாவது பாதிக்கும் குறைவு. சட்டத்தின் மேல் விழுந்த சுமை மூன்று மடங்குக்கு மேல்.

உரிமையாளர் இந்தக் கணக்கை இரண்டு தடவை கேட்டார். பட்டறைக்காரர் சரியாக வைக்கவில்லை என்ற கோபத்தில்தான் அதுவரை இருந்தார். பட்டறை வேலை மோசம்தான். ஆனால் நல்ல வேலையாக இருந்திருந்தாலும் இந்தப் பாரத்துக்கு அது பருவம் முடியும்வரை தாங்கியிருக்குமா என்பது என் சந்தேகம்.

எதை வீட்டில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது

மூன்று வழி இருந்தது. முழுச் சட்டத்தையும் வெட்டியெடுத்துப் பெரிய பட்டறையில் புதிதாகச் செய்வது முதலாவது. அதுதான் முறையானது. ஆனால் பொங்கலுக்குப் பட்டறைகள் மூடிக் கிடந்தன. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்த கரும்பு வயலில் நின்றது. இரண்டாவது, சட்டத்தைச் சற்று நீட்டிப் பெரிய சேனலில் செய்தால் திருப்பத்துக்கு வசதி என்று உரிமையாளரே சொன்ன யோசனை. இதை உடனே தள்ளினோம். சட்டம் நீண்டால் வேரில் வளைவு கூடும். மேலும் பெட்டியும் பதிவு பெற்ற வாகனம். பதிவில் உள்ள அளவை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குள் வரும் விஷயம். நாளைக்கு விபத்து என்றால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான். மூன்றாவது வழி, இருக்கும் சேனலை ஒழுங்காகச் சரிசெய்து, பாரத்தைக் குறைத்து, பருவத்தை முடித்துவிட்டுப் புதுச் சட்டம் போடுவது. இதைத்தான் எடுத்தார்கள்.

இழுவை வளையத்தை மட்டும் வீட்டில் தொடவே கூடாது என்பதில் தம்பி மகன் உறுதியாக இருந்தார். தேய்ந்த வளையத்தில் வெல்டிங்கை அடுக்கி நிரப்பி, அரைத்து வட்டமாக்குவது எங்கள் பக்கம் சாதாரணம். வளையம் அடித்து உருவாக்கிய இரும்பு. சேனலைவிடக் கரிமம் கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். என்ன ரகம் என்று தெரியாமல் அதைப் பற்றவைத்து வெறுமனே ஆறவிட்டால் வெல்டிங்கை ஒட்டிய பகுதி கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். சட்டம் முறிந்தால் பெட்டி தரையில் இடிக்கும். வளையம் முறிந்தால் பெட்டி சாலையில் தனியாக ஓடும். புது வளையமும் அளவான பின்னும் கிளிப்பும் டவுனில் வாங்கி வந்தார்கள்.

வேலை நடந்த விதம்

பெட்டியைக் களத்தின் வடகோடிக்குத் தள்ளினார்கள். தெற்கில் வைக்கோல்போர். பொறி பறக்கும் வேலைக்கு அந்த இடைவெளியும் போதாது என்று டிரம்மில் தண்ணீரும் ஈரச் சாக்கும் வைத்தார்கள். பொங்கல் நேரம் என்பதால் பிள்ளைகள் கூட்டம் வேறு. வெல்டிங் ஒளியைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று அழுவார்கள். நான்கு கம்பு நட்டுத் தார்ப்பாயை மறைப்பாகக் கட்டியது வீட்டுப் பெண்கள்.

மின்சாரம் தனிச் சிக்கல். கிணற்று மோட்டார் இணைப்பு மும்முனை, வோல்டேஜும் நன்றாக இருக்கும். ஆனால் பாசனத்துக்கு இலவசமாகத் தருகிற மின்சாரத்தை வெல்டிங்குக்கு எடுக்கக் கூடாது. வீட்டு இணைப்பில் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷினைப் போட்டுச் சாயங்காலம் சோதித்தபோது வோல்டேஜ் 180க்கு இறங்கியது. வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டது. வேலையை விடியற்காலைக்குத் தள்ளினார்கள். அப்போது 220க்கு மேல் நின்றது. நீட்டு வயரைச் சுருளாக வைக்காமல் முழுதும் பிரித்துப் போட்டார்கள். சிறிய விஷயங்கள்தான். ஆனால் வோல்டேஜ் இறங்கினால் வெல்டிங் வெளியில் அழகாகத் தெரிந்தும் வேரில் இரும்போடு கலந்திருக்காது.

டிராக்டரைக் கழற்றித் தள்ளி நிறுத்தினார்கள். பெட்டியை டிராக்டரோடு சேர்த்து வைத்துக்கொண்டு பற்றவைத்தால் மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. சக்கர பேரிங் வழியாகப் போனால் குண்டுகளில் பொத்தல் விழும். அதே காரணத்துக்காக, மின்னோட்டம் மெஷினுக்குத் திரும்பும் எர்த் கிளாம்பை விரிசலுக்குப் பக்கத்திலேயே, சுத்தம் செய்த சேனலில் பிடித்தார்கள்.

இனி முக்கியமான சிக்கல்: சரிசெய்ய வேண்டிய இடம் பெட்டியின் அடியில். மல்லாந்து படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பற்றவைப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். இரண்டு சக்கரப் பெட்டி என்பது இங்கே உதவியாக வந்தது. பின்பக்கம் தரையைத் தொடும்வரை சாய்த்தால் இழுவைச் சட்டம் வானத்தைப் பார்க்க எழும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அண்டை கொடுத்து, சட்டத்துக்கு இருபுறமும் பனங்கட்டை முட்டு நிறுத்தி, சங்கிலியால் பின்னுக்கு இழுத்துக் கட்டினார்கள். கீழ் விளிம்பு முழுவதும் அண்ணாந்த நிலையிலிருந்து சாய்வான நிலைக்கு, நின்றபடி கை எட்டும் உயரத்துக்கு வந்தது. முட்டு மட்டும் போதும் என்று சங்கிலியை விட்டுவிடும் ஆட்கள் உண்டு. சட்டம் கீழே விழுந்தால் அடியில் நிற்பவர் தலை தப்பாது.

விரிசலின் முனைக்குச் சற்று அப்பால் 6 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டார்கள். கூர்மையான முனை வட்டமானால் விரிசல் அதற்கு மேல் எளிதில் ஓடாது. பிறகு விரிசல் முழுவதையும், ஒரு மயிரிழைகூட மீதம் வைக்காமல், கிரைண்டரால் ஆங்கில ‘வி’ வடிவப் பள்ளமாக அரைத்து எடுத்தார்கள். நேரம் பிடித்தது இதற்குத்தான். பற்றவைத்த நேரத்தைவிட அரைத்த நேரம் அதிகம். பாதி அரைத்ததும் உரிமையாளர் “இவ்வளவையும் அறுத்துட்டா அப்புறம் என்னடா மிச்சம்?” என்று பதறினார். விரிசல் மேல் போடும் வெல்டிங் விரிசலை மூடுமே தவிர எடுக்காது என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. டீசல் ஊறிய இரும்பும் இந்த அரைப்பில்தான் போனது. மிச்சத்தைத் தீ காட்டி உலர்த்தினார்கள். விடியற்காலைப் பனியின் ஈரத்துக்கும் அது நல்லது.

அடுத்து மட்டம். வளையத்தின் மையத்திலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் நூல் பிடித்தால் இடதுக்கும் வலதுக்கும் ஒரு விரல்கடை வித்தியாசம். ஜாக்கியும் சங்கிலியும் கொண்டு மெல்லத் தள்ளி இரண்டு நீளமும் ஒன்றாகும்வரை கொண்டுவந்தார்கள். சூடேற்றி வளைக்கவில்லை. பள்ளம் திறந்திருக்கும்போதே மட்டம் பார்த்தது சரியான வரிசை. பற்றவைத்த பிறகு வளைத்து நிமிர்த்தினால் புது வெல்டிங்கின் மேல்தான் அந்த அழுத்தம் போகும்.

ராடு விஷயத்தில் ஒரு பேரம் நடந்தது. வீட்டில் இருந்தது 6013 ரகம், கேட்டுக்கும் ஜன்னலுக்கும் போதும். தம்பி மகன் 7018 வேண்டும் என்றார். அதன் வெல்டிங்கில் ஹைட்ரஜன் குறைவு, அடி தாங்கும் தன்மை அதிகம். ஆனால் அந்த ராடு ஈரம் பட்டால் அந்தக் குணமே போய்விடும். திரும்ப உலர்த்த 300 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், வீட்டு அடுப்பு அதற்கு ஆகாது. அதனால் பிரிக்காத பாக்கெட் வாங்கி, வேலை தொடங்கும்போதே பிரித்தார்கள். மிச்சமானவை கேட் வேலைக்கு என்று தனியே போயின.

முதல் ஓட்டம் 2.5 மில்லிமீட்டர் ராடில், 85 ஆம்பியரில். மேல் ஓட்டங்கள் 3.15 மில்லிமீட்டரில், 110 ஆம்பியரைச் சுற்றி. ராடு பாசிட்டிவ் பக்கம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் கசடு முழுவதும் தட்டி எடுத்து பிரஷ் போட்டார். முடிந்ததும் புடைப்பை அரைத்து, வெல்டிங் சேனலோடு சேரும் ஓரத்தை வழவழப்பாக்கினார். ஆறுவதற்குத் தண்ணீர் ஊற்றப் போன ஒரு சித்தப்பாவைத் தடுக்க வேண்டியிருந்தது.

துணைப் பட்டைகள் இந்த முறை சதுரமாக வெட்டப்படவில்லை. சேனலின் பக்கவாட்டுக்கு 6 மில்லிமீட்டர் தகட்டில் சாய்சதுர வடிவம். கூர் முனைகள் சட்டத்தின் நீளவாக்கில் இருக்கும்படி. விறைப்பு சிறிது சிறிதாகக் கூடி, சிறிது சிறிதாகக் குறையும். கீழ் விளிம்புக்கு, இரு முனையும் ஒடுங்கிய நீளப் பட்டை. நீளவாக்கில் மட்டும் வெல்டிங், குறுக்கே போடக் கூடாது என்பது திட்டம். விரிசல் இல்லாத வலது சேனலுக்கும் இதையே செய்தார்கள். ஒரு பக்கம் மட்டும் விறைத்தால் அடுத்த சுமை மறுபக்கம் போகும்.

சோதனை

சிவப்பு மையும் வெள்ளைப் பொடியும் கொண்ட ஸ்பிரே டப்பாக்கள் டவுனில் கிடைத்தன. டீசல் சோதனையின் நவீன வடிவம் என்று சொல்லலாம். வெல்டிங் முழுவதும் பார்த்ததில் ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளி. அதை அரைத்து மறுபடி நிரப்பினார்கள்.

பெயிண்ட் வெள்ளை. கறுப்பும் நீலமும்தான் வழக்கம், உரிமையாளருக்கு வெள்ளை பிடிக்கவில்லை. வெள்ளையில் விரிசல் விட்டால் துருக்கோடு உடனே கண்ணில் படும் என்பதற்காக ஒத்துக்கொண்டார். புது வளையத்தின் நட்டை இறுக்கி, காட்டர் பின் போட்டு, கூடுதலாகச் சட்டத்திலிருந்து டிராக்டருக்கு ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டினார்கள். முதலில் வெறும் பெட்டி, பிறகு அரைப் பாரம் எரு, அதன் பிறகே கரும்பு. ஒவ்வொன்றுக்கும் பிறகு அடியில் குனிந்து பார்த்தார்கள்.

அதன் பிறகு

பாரத்தைக் குறைக்கச் சொன்னதும் வெட்டு மேஸ்திரி முகம் சுளித்தார். நடை கூடும், காத்திருப்பு கூடும், நாள் கூலி குறையும். அவர் சொன்னதில் தவறில்லை. முன் பலகையில் சிவப்புக் கோடு ஒன்று போட்டு, கட்டுகள் அதற்கு மேலும் முன்னாலும் போகக் கூடாது என்று பேசி முடித்தார்கள். எடைச்சீட்டுகள் 5 டன்னுக்கும் ஐந்தரைக்கும் இடையில் வரத் தொடங்கின. டீசல் செலவு கூடியது. ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாகும் தொல்லை நின்றது. கிளம்பும்போது வரும் ‘டக்’கும் போனது.

சட்டம் பருவம் முடியும்வரை தாங்கியது. கடைசி நடைக்குப் பிறகு கழுவிப் பார்த்ததில் இடது பக்கம் கீழ்ப் பட்டையின் பின் முனையில் 2 சென்டிமீட்டர் அளவுக்குத் துருக்கோடு தெரிந்தது. நீளவாக்கில் மட்டும் என்ற திட்டத்தை மீறி அந்த ஒரு முனையில் வெல்டிங் குறுக்கே சுற்றி வந்திருந்தது. கடைசி ராடு, கை ஓட்டத்தில் திரும்பிவிட்டது என்றார் தம்பி மகன். மற்ற மூன்று முனைகளிலும் ஒன்றுமில்லை. விரிசல் வெல்டிங்கோடு நின்றிருந்தது, சேனலுக்குள் இறங்கவில்லை. அதை அரைத்து எடுத்து முனையைத் திறந்தபடி விட்டார்கள்.

இனி மாற்ற வேண்டியவை

டிசம்பரில் முன்பக்கம் தாழ்ந்தபோதே அடியில் பார்த்திருந்தால் கீழ் விளிம்பின் விரிசல் சிறியதாக இருக்கும்போதே பிடித்திருக்கலாம். டயருக்குக் காற்றுப் பார்க்கும் நாளில் சட்டத்தின் அடியையும் துடைத்துப் பார்ப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. பாரத்தோடு பற்றவைப்பது இனி இல்லை. வழியில் விரிசல் தெரிந்தால் வேறு பெட்டிக்குக் கரும்பை மாற்றுவது என்று பக்கத்து வண்டிக்காரர்கள் இருவரோடு பேசி வைத்திருக்கிறார்கள்.

பழுதுநீக்கத்திலும் ஒரு குறை சொல்ல வேண்டும். வீட்டில் செய்யலாம் என்று முடிவெடுக்க முடிந்ததே பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டில் இருந்ததால்தான். மெஷின் இருக்கிறது, கை கொஞ்சம் ஓடும் என்ற அளவில் இருப்பவர் இழுவைச் சட்டத்தில் கை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் களத்தில் செய்யக்கூடியது கழுவி, தேய்த்து, விரிசலின் இரு முனையையும் கண்டுபிடித்துக் குறித்து, வெறும் பெட்டியாகப் பட்டறைக்குக் கொண்டுபோவது. பட்டையைச் சாய்சதுரமாக வெட்டு, குறுக்கே வெல்டிங் வைக்காதே என்று கேட்டு வாங்குவது. அதுவே பாதி வேலை.

புதுச் சட்டம் கோடையில் போடப்படுகிறது. நீளம் பழையதே, சேனல் 125 மில்லிமீட்டர். அளவு மாறாவிட்டாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டே வேலையைத் தொடங்குவது என்று உரிமையாளர் சொல்லியிருக்கிறார். பெரிய சேனல் போட்டதும் சிவப்புக் கோட்டை அழித்துவிடலாமா என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். அச்சும் டயரும் கொக்கியும் பழையவைதான் என்பதால் கோடு இருக்கும். அடுத்த பருவத்துக்கு டன் கூலியோடு நடைக்கு ஒரு தொகையும் சேர்த்துக் கொடுப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. தொகை இன்னும் படியவில்லை.